நேரம் இல்லாதவர்களின் வண்டி

“சைக்கிளா? இந்த மலையிலா? நல்ல கதை!”

சேர்வராயன் மலையில் வாழவந்தி என்று ஓர் ஊர் இருக்கிறது. சேலம் மாவட்டம், ஏற்காடு தாலுகாவைச் சேர்ந்த மலைக் கிராமம். இந்த மலை முழுவதும் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரம். அந்த மரத்தில் ஏறிப் படர்ந்த மிளகுக் கொடி. பாதை என்றால் ஏற்றம். ஏற்றம் முடிந்தால் இறக்கம். அங்கே போய், “வாரத்தில் ஐந்து நாள் சைக்கிளில் போய் வாருங்களேன்” என்று யாராவது யோசனை சொன்னால், மேலே சொன்ன பதில்தான் கிடைக்கும். நியாயமான பதில்தான்.

ஆனால் மலையை விட்டுக் கீழே இறங்கினால் சேலம். அங்கே ரோடு பலகை போலக் கிடக்கிறது. அங்கேயும் எத்தனையோ வீடுகளில் சைக்கிள் சும்மா நிற்கிறது. ஏன் என்று கேட்டால் மலையைக் காரணம் சொல்ல முடியாது அல்லவா? வேறு ஒரு காரணம் வரும்.

“நேரம் எங்கே சார் இருக்கிறது?”

மலைக்குப் பிறகு வருவோம். முதலில் இந்த நேரத்தைக் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம்.

நாளை முதல்...

வழக்கமாக என்ன நடக்கிறது? குடும்பத் தலைவருக்கு நாற்பது வயது தாண்டுகிறது. டாக்டர் ரத்தத்தைச் சோதிக்கிறார். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. “உடம்பை அசையுங்கள்” என்கிறார். மறு வாரமே புதுச் சைக்கிள் ஒன்று வாசலுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு புறப்படுவதைத் தெருவே வேடிக்கை பார்க்கும்.

திங்கட்கிழமை, குழாயில் தண்ணீர் வரும் நாள். செவ்வாய்க்கிழமை பையனுக்குப் பரீட்சை. புதன்கிழமை தூறல். வியாழக்கிழமை கண் விழிக்க நேரமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற நாள். இடைஞ்சலாக இருக்கிறது என்று சைக்கிளைப் பின்கட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். ஒரு மாதம் போனால் ஹேண்டில்பாரில் ஈரத் துண்டு காயும்.

அவரைக் கேலி செய்து பயன் இல்லை. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருக்கிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் கணக்குச் சொல்லியது. டாக்டர் சொன்னதும் சரி. அவர் சைக்கிள் வாங்கியதும் சரி. தவறு வேறு இடத்தில் இருக்கிறது. சைக்கிளை அவர் ஒரு தனி வேலையாக வைத்துக்கொண்டார். ஏற்கெனவே பதினெட்டு வேலை உள்ள வாரத்தில் அது பத்தொன்பதாவது வேலையாகப் போய் நின்றது. கடைசியில் வந்தவனைத்தானே முதலில் வெளியே தள்ளுவார்கள்?

சரி, நேரமே இல்லாதவர்கள் யாராவது சைக்கிளைத் தங்கள் வாரத்துக்குள் கொண்டுவந்து காட்டியிருக்கிறார்களா?

காட்டியிருக்கிறார்கள். ஒருவர் இருவர் அல்ல. ஒரு லட்சம் பேர். அத்தனை பேரும் பெண்கள்!

புதுக்கோட்டையில் நடந்தது

இது கதை அல்ல. 1991ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய செய்தி.

அப்போது அங்கே அறிவொளி இயக்கம் நடந்துகொண்டிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் இயக்கம். படிக்க வந்தவர்களில் மிகப் பலர் பெண்கள். சொல்லிக் கொடுக்க வந்த தொண்டர்களிலும் பெண்கள் நிறைய. பகலெல்லாம் காட்டு வேலை, கல் உடைக்கும் வேலை. வேலை முடிந்த பிறகுதான் ‘அ’னா, ‘ஆ’வன்னா.

மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்பதற்கும் ஊர் விட்டு ஊர் போவதற்கும் தொடர்பு இருக்கிறது என்று அவர் நினைத்தார். தொண்டர் பக்கத்துக் கிராமத்துக்குப் போக வேண்டும். பஸ் எப்போதோ ஒன்று. இல்லாவிட்டால் நடை. அதுவும் இல்லாவிட்டால் அண்ணனோ அப்பாவோ புருஷனோ கொண்டுபோய் விட வேண்டும். அவர்களுக்கு நேரம் இருந்தால் இவளுக்கு நேரம். அவர்களுக்கு இல்லாவிட்டால் இவளுக்கும் இல்லை. நினைத்த இடத்துக்குத் தானாகப் போக முடியாத பெண்ணுக்கு எங்கிருந்து தைரியம் வரும்?

ஆகவே, பாடத் திட்டத்தில் சைக்கிளும் சேர்ந்தது! எழுத்து, கணக்கு, கூடவே சைக்கிள்.

முதலில் அறிவொளித் தொண்டர்கள் கற்றுக்கொண்டார்கள். அதைப் பார்த்து, படிக்க வந்த பெண்களும் கேட்டார்கள். பிறகு ஊரில் உள்ள மற்றப் பெண்களும் வந்தார்கள். சைக்கிள் வாங்கக் கடன் கொடுங்கள் என்று ஆட்சித் தலைவர் பாங்குகளைத் தூண்டினார். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொறுப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. சைக்கிளுக்கென்றே பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் பாடினார்கள்.

யார் யார் ஓட்டினார்கள் தெரியுமா? வயல் கூலிகள். கல் குவாரித் தொழிலாளிகள். கிராம நர்சுகள். பால்வாடி, அங்கன்வாடி ஊழியர்கள். பள்ளி ஆசிரியைகள். செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டும் பெண்கள். வீட்டில் மாலை நேரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அல்ல. ஊரில் யாருக்கு வேலை அதிகமோ அவர்கள்.

முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. பெண் பிள்ளை சைக்கிள் விடுவதா என்று டீக்கடையில் பேச்சு. வழியில் கிண்டல். கிண்டலுக்குப் பதில் சொல்ல நின்றால்தானே? மணியை அடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

1992 மார்ச்சு 8, உலக மகளிர் தினம். அன்று புதுக்கோட்டை நகருக்குள் 1,500க்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் வந்தார்கள். ஹேண்டில்பாரில் கொடி. கிணிங் கிணிங் என்று மணி. அப்படி ஓர் ஊர்வலத்தை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒன்றரை வருஷத்தில் சைக்கிள் கற்றுக்கொண்ட பெண்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது. பத்து வயதுக்குக் குறைந்த சிறுமிகளை நீக்கிப் பார்த்தால், கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் சைக்கிள் ஓட்டினார்கள் என்று ஒரு கணக்கு.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே நேரில் போய்ப் பார்த்து எழுதினார். 1996இல் வெளியான அவருடைய புத்தகத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது. பிறகு அது இந்தியில் எட்டாம் வகுப்புப் பாடமாகவும் வைக்கப்பட்டிருந்தது. வடக்கே உள்ள பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பாடமாகப் படித்தார்கள்!

பார் வைத்த வண்டி

அதில் ஒரு சின்ன விஷயம் மிகவும் சுவையானது.

எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டதால் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பெண்கள் பார்த்தார்கள். ஆண்கள் ஓட்டும், நடுவில் பார் வைத்த வண்டியையே வாங்கினார்கள். சேலை கட்டிக்கொண்டு அதில் ஏறுவது சுலபம் அல்ல. ஆனாலும் சில பேர், லேடீஸ் சைக்கிள் வந்த பிறகும் ஆண்கள் வண்டிதான் வேண்டும் என்றார்களாம். ஏன்? அந்தப் பாரின் மேல் குழந்தையை உட்கார வைக்கலாமே!

முன்னால் பாரில் குழந்தை. பின்னால் கேரியரில் விற்பனைக்கு எடுத்துப் போகும் காய்கறி. திரும்பி வரும்போது பின்பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர், சில சமயம் மூன்று. ஒரே பயணத்தில் மூன்று வேலை.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. அந்தப் பெண்கள் சைக்கிளுக்கு நேரம் ஒதுக்கவில்லை. தண்ணீருக்குப் போகிற நேரம், வேலைக்குப் போகிற நேரம், சந்தைக்குப் போகிற நேரம் எல்லாம் ஏற்கெனவே வாரத்தில் இருந்தவை. அந்த நேரங்களில் சைக்கிளை நுழைத்தார்கள். முன்பு பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் காத்திருக்கவில்லை. இரண்டு கிராமத்தில் விற்றவள் நான்கு கிராமத்துக்குப் போனாள். பிள்ளைக்கு நேரமாகிவிட்டது, தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று பாதி விற்றும் விற்காமலும் ஓடி வர வேண்டிய அவசியம் குறைந்தது.

மூன்று கிலோமீட்டர் கணக்கு

ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எட்டாவது படிக்கும் பிள்ளை இருந்தால் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வேலை செய்யும் இடம் மூன்று கிலோமீட்டர் தூரம். நடந்து போனால் ஏறக்குறைய 40 நிமிஷம். சைக்கிளில், அவசரம் இல்லாமல், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 15 நிமிஷம். போகும்போது 25 நிமிஷம் மிச்சம். வரும்போது 25 நிமிஷம். ஒரு நாளைக்கு 50. வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் 300 நிமிஷம். அதாவது ஐந்து மணி நேரம்! நடந்து போகிறவருக்கு சைக்கிள் நேரம் கேட்கவில்லை. கொடுக்கிறது.

“நான் மோட்டார் சைக்கிளில் போகிறேனே, எனக்கு நஷ்டம்தானே?” என்று கேட்பீர்கள். உண்மைதான். மோட்டார் சைக்கிளில் அந்தத் தூரம் ஏழு நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். சைக்கிளில் போனால் ஒவ்வொரு முறையும் எட்டு நிமிஷம் கூடுதல். ஒரு நாளைக்கு 16. ஐந்து நாளைக்கு 80 நிமிஷம்.

இப்போது மறு பக்கத்தைப் பாருங்கள். வயது வந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் யோசனை. போக 15, வர 15, ஒரு நாளைக்கு 30 நிமிஷம். ஐந்து நாள். பெருக்கிப் பாருங்கள். சரியாக 150! டாக்டர் சொன்ன அத்தனையும் ஆபீசுக்குப் போய் வருவதிலேயே முடிந்துவிட்டது. 80 நிமிஷம் கொடுத்து 150 நிமிஷத்துப் பயிற்சியை வாங்குகிறீர்கள். பெட்ரோல் காசு வேறு மிச்சம். அரைக்கால் சட்டையும் தேவை இல்லை. வேட்டியே போதும், கீழ் மடிப்பு செயினில் மாட்டாமல் பார்த்துக்கொண்டால்.

ஐந்து நாளும் முடியாதவர்கள் உண்டு. ஒரு நாள் வெளியூர். ஒரு நாள் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். இருக்கட்டும். வாரத்தில் நிச்சயமாக நடக்கும் ஒரு போக்குவரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உழவர் சந்தைக்குப் போவது, ரேஷன் கடை, பெண்ணை டியூஷனில் விட்டு வருவது. “வியாழக்கிழமை சந்தை, சைக்கிளில்தான்” என்று வைத்துக்கொண்டால் அது நிற்கும். “தினமும் காலையில் ஒரு மணி நேரம்” என்று சபதம் செய்தால், ஈரத் துண்டுதான்!

வாசலில் நிற்கட்டும்

சைக்கிள் எங்கே நிற்கிறது என்பது முக்கியம். பின்கட்டில் நின்றால், அதை வெளியே கொண்டுவர மூன்று நாற்காலியை நகர்த்த வேண்டும். மோட்டார் சைக்கிளோ வாசலிலேயே நிற்கிறது. கை எதற்குப் போகும்? இடத்தை மாற்றுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்தது காற்று. பஞ்சர் இல்லாவிட்டாலும் டியூபில் காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் வண்டி சேற்றில் போகிற மாதிரி இழுக்கும். “வயதாகிவிட்டது, முடியவில்லை” என்று நினைக்கிறவர்கள் பலருக்கு வயது காரணம் அல்ல, டயர்தான் காரணம்! ஒரு பம்பு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு பத்து நிமிஷம் போதும். டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, தேவையானால் காற்று. செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை.

சீட் உயரத்தையும் பாருங்கள். கீழே விழுந்துவிடுவோம் என்று பயந்து பலர் சீட்டை அடியோடு இறக்கிவிடுகிறார்கள். முழங்கால் மார்பு வரைக்கும் மடங்கி மடங்கி, ஒரு கிலோமீட்டரில் வலி வந்துவிடும். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். லேசான மடிப்பு இருந்தால் போதும். ஓட்டப் பழகிய பிறகு அரை அங்குலம், அரை அங்குலமாக ஏற்றிக்கொள்ளலாம்.

சேலை, தாவணி, சுரிதாரின் துப்பட்டா இவை சக்கரத்தில் மாட்டுவது பெரிய ஆபத்து. பின் சக்கரத்துக்கு வலை போட்ட கார்டு உண்டு. கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டும். துப்பட்டாவை முன்னால் குறுக்கே கொண்டுவந்து இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். இரவில் பின்னால் சிவப்பு விளக்கு, அது இல்லாவிட்டால் பளிச்சென்று மின்னும் சிவப்பு வில்லையாவது இருக்க வேண்டும். ஒரு காலத்தில் விளக்கு இல்லாத சைக்கிளைப் போலீஸ்காரர் நிறுத்திவிடுவார். சைக்கிளுக்கு வரி கட்டி, வில்லை வாங்கி மாட்டியதும் உண்டு. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடைகளும் தெருவுக்குத் தெரு இருந்தன. பார் வழியாகக் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தாத்தாக்களைக் கேட்டால் இன்னும் நிறையச் சொல்வார்கள்.

இப்போது மலைக்கு வருவோம்

வாழவந்திக்காரரின் கேள்வி அப்படியே நிற்கிறது. சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். நடுவில் உள்ள மலைப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. மலை மேல் வந்த பிறகும் ஊருக்கு ஊர் மேடு பள்ளம்தான். புதுக்கோட்டைக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து மாட்ட முடியாது.

கறுப்பு நிறச் சாதாரணச் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் பெரிய பல் சக்கரத்தில் 44 பல். பின்னால் பிரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் பின் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் முன்னால் போகும். சமவெளியில் அது லாபம். மலையில் அதுவே தண்டனை! ஒரே மிதியில் அவ்வளவு தூரம் உடம்பையும் வண்டியையும் மேலே தூக்க வேண்டியிருக்கிறதே!

கியர் வைத்த சைக்கிளில் பல் சக்கரங்களை மாற்றிக்கொள்ளலாம். முன்னால் 24 பல், பின்னால் 28 பல் என்று போட்டால், ஒரு சுற்றுக்கு வண்டி இரண்டு மீட்டர்கூட நகராது. வேகம் நடை வேகம்தான். ஆனால் மூச்சு வாங்காமல் ஏறலாம். உயரமான மாடிக்கு ஏணியில் ஏறுவதற்கும் படிக்கட்டில் ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம் போல. பாட்டரி வைத்த சைக்கிளும் இப்போது வந்திருக்கிறது. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள்ளும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் லைசென்சு, பதிவு எதுவும் தேவை இல்லை. விலை மட்டும் சாதாரணச் சைக்கிளைப் போலப் பல மடங்கு.

விலை கொடுக்க முடியாதவர் என்ன செய்வது? ஏற்றத்தில் இறங்கித் தள்ளலாம். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

1954இல் வியட்நாமில் தியன் பியன் பூ என்ற மலைப் பள்ளத்தாக்கில் பெரும் போர் நடந்தது. பிரெஞ்சுப் படையை எதிர்த்த வியட்நாமியர்கள் மலைக் காடுகளின் வழியே அரிசியும் குண்டுகளும் கொண்டுபோனார்கள். எதில்? சைக்கிளில்! சுமார் 20,000 சைக்கிள்கள். ஒருவரும் ஏறி ஓட்டவில்லை. ஹேண்டில்பாரில் ஒரு மூங்கிலை நீளமாகக் கட்டி, அதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனார்கள். ஒரு சைக்கிளில் 200 கிலோ, அதற்கு மேலும் ஏற்றினார்கள். இரண்டு சக்கரத்தின் மேல் சுமையை வைத்துத் தள்ளினால், ஒரு மனிதன் தோளில் சுமப்பதைப் போலப் பல மடங்கு கொண்டுபோகலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிரெஞ்சுத் தளபதிகளுக்குத் தெரியவில்லை.

மலைக் கிராமத்தில் விறகும் புல்லுக் கட்டும் தலைச் சுமையாக வருகின்றன. ரேஷன் அரிசி மூட்டை தோளில் வருகிறது. ஏற்றத்தில் ஓட்ட முடியாத சைக்கிள்கூட அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும். சமமான இடம் வரும்போது ஏறி மிதிக்கலாம். மலையின் முதுகில் போகும் பாதையில் அப்படிப்பட்ட இடங்களும் இருக்கத்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடம், பால் சேகரிக்கும் இடம், பஸ் நிற்கும் இடம் இவை வீட்டிலிருந்து எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரே மட்டத்தில் இருந்தால் சைக்கிள். ரொம்பவும் கீழே என்றால் பஸ்தான். அதில் பிடிவாதம் கூடாது.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் ஆள் தலைகீழ். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம்மும் கட்டையும் சூடேறிப் பிடிப்புக் குறையும். மழையிலும் பனி ஈரத்திலும் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகு வேகத்தைக் குறைப்பது தப்பு. வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். மலை ரோட்டில் ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழி விட வேண்டும் என்பது சட்டம். கொண்டை ஊசி வளைவில் பஸ் திரும்பும்போது ரோடு முழுவதும் அதற்குத்தான் வேண்டும். மூடுபனியில் பகலிலும் விளக்கைப் போடுங்கள். சேலத்துக்கு ஒரே ஓட்டமாக இறங்கிவிடுகிறேன் என்று பழைய வண்டியில் கிளம்பும் வாலிபர்களை வீட்டில் உள்ளவர்கள் தடுத்து நிறுத்தினால் தப்பு இல்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது

வண்டி வாங்கக் காசு வேண்டுமே என்ற கவலை பல குடும்பங்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2001-02இல் ஆதி திராவிட, பழங்குடி மாணவிகளுக்கு அரசு இலவசச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06இல் அது அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புப் படிக்கும் எல்லோருக்கும் என்று விரிந்தது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். அதைப் பொருளாதார நிபுணர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் தொகை 32 சதவீதம் கூடியது என்று கண்டார்கள். முக்கியமாக, பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். மறுபடியும் அதே மூன்று கிலோமீட்டர்!

இப்படி வந்த சைக்கிள் நம் வீடுகளில் எப்போது வேலை செய்கிறது? காலையில் பள்ளிக்கூடம் போகும், மாலையில் வரும். அதற்கு முன்னும் பின்னும் சும்மா நிற்கும். சனி, ஞாயிறு சும்மா நிற்கும். மே மாதம் முழுவதும் சும்மா நிற்கும். படிப்பு முடிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மகளுக்கு ஓட்டத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அம்மாதான் பால் வாங்க நடக்கிறாள், ரேஷனுக்கு நடக்கிறாள், மாவு மில்லுக்கு நடக்கிறாள்.

பெரியவர்கள் கற்றுக்கொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. சீட்டை, இரண்டு காலும் தரையில் முழுதாகப் பதியும்படி இறக்கிவிட வேண்டும். சைக்கிள் கடையில் சொன்னால் இரண்டு பெடலையும் கழற்றிக் கொடுப்பார்கள். லேசான சரிவு உள்ள மைதானத்தில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும். யாரும் பின்னால் பிடிக்க வேண்டியது இல்லை. விழுகிற மாதிரி இருந்தால் கால் தரையில் இருக்கிறது. இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்துப் பதினைந்து மீட்டர் உருள முடிந்ததும் பெடலை மாட்டிவிடலாம். இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும். புதுக்கோட்டையில் சேலை கட்டிக்கொண்டு, பார் வைத்த வண்டியில், ஊரே பார்த்துக்கொண்டிருக்கக் கற்றுக்கொண்டார்கள். இங்கே அவ்வளவு கஷ்டம் இல்லை.

பக்கத்துப் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஆறரை மணிக்கே போய்விடுவது நல்லது. எட்டு மணிக்கு மேல் கிரிக்கெட் பையன்கள் வந்துவிடுவார்கள்.